ஒரே வகுப்பு, 38 பிள்ளைகள், ஒரே பின்னப் பாடம்: பயிற்சி ஆசிரியைக்கு வழி சொல்லுங்கள்

சுண்ணக்கட்டி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இது ஐந்தாவது வாரம். வகுப்பில் 38 பேர்.

‘தனியாள் வேறுபாடுகள்’ என்று தேர்வில் கேட்டால் நான்கு பக்கம் எழுதிவிடுவேன். கரும்பலகை முன்னால் நிற்கும்போது அந்த நான்கு பக்கமும் கைகொடுக்க மாட்டேன் என்கிறது. நான்கு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன், என் சிக்கல் புரியும்.

ஒருவன், நான் கொடுக்கும் பயிற்சித்தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓரத்தில் விமானம் வரைந்துகொண்டிருப்பான். இன்னொரு தாளை நீட்டினால் ‘சீக்கிரம் முடிச்சதுக்குத் தண்டனையா மிஸ்?’ என்கிறான். நியாயமான கேள்வி.

ஒரு பெண், எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அழிக்கிறாள். விடை சரியாக இருந்தாலும் அழிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் நோட்டில் ஆறாவது கணக்கு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அடுத்த பக்கத்தின் எழுத்து அது வழியாகத் தெரிந்தது.

இன்னொரு பெண், வீட்டில் வேறு மொழி பேசுபவள். இந்த வகுப்புக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடைவேளையில் தோழிகளோடு தமிழில் மணிக்கணக்காகப் பேசுகிறாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் வாயே திறப்பதில்லை.

நான்காவது பையன், கேள்வியைப் படிக்கும் முன்பே ‘எனக்குக் கணக்கு வராது மிஸ்’ என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுகிறான்.

இவர்களோடு இன்னும் 34 பேர். ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி பாடம் நடத்து’ என்கிறார்கள். ஒரு பாட வேளைக்கு 38 பாடக்குறிப்பு எழுத முடியுமா? ஆர்வம் வரட்டும் என்று முதல் வாரத்தில் நட்சத்திர ஒட்டிகள் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வாரமே ‘இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இல்லை என்றால் நோட்டைத் திறப்பதில்லை. மதிப்பீட்டை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நால்வருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது நியாயமா? வேறு வேறு தாள் கொடுப்பது நியாயமா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோணமானி

26 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மா: 38 பாடக்குறிப்பு வேண்டாம். யாராலும் எழுத முடியாது. எழுதுகிறேன் என்று சொல்கிறவர் மூன்றாவது நாள் விட்டுவிடுவார். பாடத்தின் இலக்கு ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குள் நுழையும் வாசலை மட்டும் அகலமாக்குங்கள்.

எப்படி என்றால், பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்வோம். ‘3/8 + 1/4 எவ்வளவு?’ என்று கேட்டால் அதற்கு ஒரே விடை. தெரிந்தவன் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு விமானம் வரைவான், தெரியாதவன் பேனாவை மூடுவான். அதையே திருப்பிப் போடுங்கள்: ‘கூட்டினால் 5/8 வரும் இரண்டு பின்னங்களைச் சொல்லுங்கள். இன்னொரு ஜோடி? இன்னும் ஒன்று?’

இப்போது பாருங்கள். தயங்குகிற பிள்ளை 4/8 + 1/8 என்று எழுதலாம். அதுவும் முழுக்கச் சரி. அடுத்தவள் 1/2 + 1/8 என்பாள். அவள் பகுதி எண் மாறினாலும் மதிப்பு மாறாது என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். உங்கள் விமானக்காரனிடம் ‘8, 4, 2 எதையும் பகுதியில் வைக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு 1/3 + 7/24 என்று கொண்டுவருவான். அதோடு விடாதீர்கள். ‘இப்படி மொத்தம் எத்தனை ஜோடி இருக்கும்?’ என்று கேளுங்கள். அது முடிவில்லாதது என்று அவனாகவே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுக்கு வேண்டியது கூடுதல் தாள் இல்லை, கூடுதல் ஆழம்.

ஒரே கேள்வி, ஒரே கரும்பலகை, எல்லோரும் ஒரே உரையாடலில் இருக்கிறார்கள். ‘மெதுவாகப் படிப்பவர்கள் குழு’ என்று யாரையும் ஓரமாக உட்கார வைக்கவில்லை. பிள்ளைகள் அந்த ஓரத்தை ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள், வெளியே வர வருடக்கணக்காகும்.

நட்சத்திரம் பற்றி. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகள்தான் அதில் பங்கேற்றவர்கள். சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில், அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் பரிசே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம்தான் கெடுக்கிறது. ஒட்டிகளைச் சத்தமில்லாமல் நிறுத்துங்கள். ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் அடங்கிவிடும்.

ஈரெழுத்து

நான் மொழி ஆசிரியை. அந்த வேறு மொழி பேசும் பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவளுடைய கதை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இடைவேளையில் சரளமாகப் பேசுகிறாளே, வகுப்பில் ஏன் பேசவில்லை என்று எல்லா ஆசிரியர்களும் கேட்பார்கள். சிலர் ‘நடிக்கிறாள்’ என்றுகூட முடிவுகட்டிவிடுவார்கள். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். புது மொழியில் அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடத்தின் மொழியில் மற்றவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். அவள் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள்.

உங்கள் வாக்கியக் கணக்குகளை ஒருமுறை அவள் கண்ணால் படித்துப் பாருங்கள். ‘இரு எண்களின் கூடுதல் 40 எனில், அவை முறையே 3:5 என்ற விகிதத்தில் அமைந்தால், அவ்வெண்களைக் காண்க.’ இதில் ‘எனில்’, ‘முறையே’, ‘அவ்வெண்கள்’, ‘காண்க’ நான்கையும் அவள் எந்த விளையாட்டிலும் கேட்டிருக்க மாட்டாள். ‘கூடுதல்’ என்றால் அவளுக்கு ‘அதிகம்’ என்று மட்டும்தான் தெரியும். ‘மொத்தம்’ என்ற பொருள் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளே ‘முறையே’யில் தடுக்கி விழுவார்கள்.

இதற்காக எளிய கணக்கு கொடுத்துவிடாதீர்கள். கணக்கு அப்படியே இருக்கட்டும், மொழியைத் திறந்துவிடுங்கள். பாடம் தொடங்கும் முன் ஐந்து சொல்லை எடுத்துப் பலகையின் ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சின்ன எடுத்துக்காட்டு போட்டு, பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். அவள் தன் வீட்டு மொழியிலேயே நோட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளட்டும். யோசிக்கும் மொழி எதுவாக இருந்தால் என்ன, யோசித்தால் சரி. அப்புறம், எல்லோர் முன்னாலும் பேசும்முன் பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். வாக்கியம் ஒருமுறை வாயில் உருண்டுவிட்டால் இரண்டாவது முறை பயமில்லாமல் வரும்.

நேர்கோடு

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொதுத்தேர்வில் எல்லோருக்கும் ஒரே தாள்தான். அங்கே போய் ‘எனக்கு “முறையே” என்ற சொல் புரியவில்லை’ என்று சொல்ல முடியாது. வகுப்பில் ஒருவனுக்குக் கூடுதல் நேரம், ஒருத்திக்குச் சொற்பட்டியல், இன்னொருவனுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுவது என்று போனால், எந்த உதவியும் இல்லாமல் உழைத்து 80 வாங்கியவளுக்கு நாம் என்ன பதில் சொல்வது? அதைவிட முக்கியம், ‘பாவம் இவனுக்கு இவ்வளவு போதும்’ என்று இலக்கைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடமாக எல்லா ஆசிரியர்களும் அன்பாகத்தான் இருந்தார்கள். யாரும் அவனுக்கு வகுத்தல் சொல்லித்தரவில்லை. அந்த அன்பு அவனுக்கு என்ன செய்தது?

தொடுகை

நேர்கோடு ஐயா, நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். இலக்கைக் குறைப்பது துரோகம் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் துறையில் நான் தினமும் போராடுவது அதற்காகத்தான். தடையை நீக்குவது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள்.

நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தாளில் நான் எதை அளக்கிறேன்? பின்னத்தை அளக்கிறேன் என்றால், கேள்வியை வாசித்துக் காட்டுவதால் பின்னம் எளிதாகிவிடாது. வாசிப்பை அளக்கிறேன் என்றால், வாசித்துக் காட்டினால் அந்தத் தேர்வுக்கே அர்த்தமில்லை. கண்ணாடி போட்ட பிள்ளையிடம் ‘உதவியில்லாமல் பலகையைப் படி’ என்று யாரும் சொல்வதில்லையே.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரியும், ஒரு வரியை வாசிக்க ஒரு நிமிடம் ஆகும். கணக்குத் தேர்வில் 20க்கு 4. அதே தாளை மறுநாள் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘ஒரு தொட்டியில் 240 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதில் 3/8 பங்கு செலவானது’ என்று வாசித்தேன். ‘மீதி’ என்ற சொல்லை நான் எட்டும் முன்பே ‘150’ என்றான். பேனாவைக்கூட எடுக்கவில்லை. எப்படி என்று கேட்டேன். ‘எட்டில் ஒண்ணு 30. மூணு போச்சுன்னா அஞ்சு இருக்கும்’ என்றான். முழுத்தாளையும் அப்படிச் செய்து முடித்தபோது 20க்கு 17. முந்தைய நாள் போட்ட 4 அவன் வாசிப்பின் மதிப்பெண். அதைக் கணக்கு என்ற கட்டத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

இது கருணைப் பேச்சும் இல்லை. 1994இல் ஸ்பெயினின் சலமங்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிகளிலேயே படிக்க வழி செய்ய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24ஆவது பிரிவில், கல்வியில் நியாயமான வசதிகள் செய்துதரப்பட வேண்டும் என்கிறது. அது அவர்களுடைய உரிமை.

சுண்ணக்கட்டி, அந்த அழிக்கிற பெண்ணைப் பற்றி: அழிப்பானைப் பிடுங்கிவிடாதீர்கள், அது அவளை இன்னும் பயமுறுத்தும். ஒரு நோட்டின் இடப்பக்கம் முழுவதும் ‘முயற்சிப் பக்கம்’ என்று வகுப்புக்கே சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் யாரும் திருத்த மாட்டார்கள், பேனாவால்தான் எழுத வேண்டும், தவறினால் ஒரே ஒரு கோடு. நீங்களும் பலகையில் அப்படியே செய்யுங்கள். டஸ்டரால் துடைக்காமல் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரி எழுதுங்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

கடைசிவரிசை

நான் ஆசிரியர் இல்லை. அந்த நான்காவது பையனாக இருந்தவன். அதனால் இரண்டு வரி.

‘எனக்கு வராது’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் வராமல் போவது தோல்வி ஆகாது. முயற்சி செய்து, அதுவும் வரவில்லை என்றால் தாங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ‘உன்னால் முடியும்’ என்று பத்துப் பேர் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் மட்டும் ‘எந்த வரி வரைக்கும் புரிஞ்சது?’ என்று கேட்டார். எனக்கு முதல் வரி புரிந்திருந்தது. அதைச் சொன்னேன். ‘சரி, அப்ப ரெண்டாவது வரியில இருந்து ஆரம்பிக்கலாம்’ என்றார். எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும் என்று ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

சுண்ணக்கட்டி

கடைசிவரிசை அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நாளைக்கே கேட்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்க ஒரு வினாப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதை நிரப்பச் செய்து அதற்கேற்பக் குழு பிரிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மூன்றாம்அலமாரி

என் கருத்து: அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள்.

2008இல் பேஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் நால்வரும் கற்றல் பாணிகள் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசினார்கள். ஒருவருக்கு இன்ன பாணி என்று கண்டுபிடித்து, அந்தப் பாணியில் கற்பித்தால் அவர் அதிகம் கற்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கும், அது உண்மை. விருப்பமும் கற்பதும் ஒன்றாகாது. எப்படிக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் பாடமே சொல்லிவிடும். பின்னத்துக்கு எண்கோடு வேண்டும், 38 பேருக்கும் வேண்டும். தாளை மடித்துப் பார்ப்பது வேண்டும், அதுவும் எல்லோருக்கும். ஒரே கருத்தைப் படமாக, சொல்லாக, கைவேலையாக மூன்று விதமாகக் காட்டினால் ஒவ்வொருவரும் மூன்றையும் பெறுவார்கள். ‘நீ கேட்டுக் கற்பவள்’ என்று முத்திரை குத்தினால் மீதி இரண்டையும் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

பாராட்டு பற்றியும் ஒன்று. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனையில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எளிய புதிர்களைத் தேடினார்கள். கடினமானது வந்து தோற்றதும் சோர்ந்தார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டார்கள். இதை வைத்துக்கொண்டு பல பள்ளிகளில் ‘மூளை வளரும்’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். முயன்றால் மூளைத் திறன் வளரும் என்று சொல்லும் சிறு பாடத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பெரிய அளவில் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் குறைவாக இருந்தவர்களுக்குச் சிறிய முன்னேற்றம்தான் தெரிந்தது. சிறியது என்றாலும் உண்மையானது. ஆனால் சுவரொட்டி பின்னத்தைச் சொல்லித்தராது. கடைசிவரிசையின் டீச்சர் செய்ததுதான் ஊக்கம்: அவர் பாராட்டவே இல்லை பாருங்கள், அடுத்த படியைக் காட்டினார்.

கோணமானி

மதிப்பீட்டுக்கு வருவோம். சுண்ணக்கட்டி தூக்கம் வரவில்லை என்று சொன்ன இடம் அதுதான், எனக்கும் அதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

மதிப்பெண் என்பது கல்லில் செதுக்கியது என்று நினைக்கிறோம். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 100க்கு 30 மதிப்பெண்ணுக்கும் மேல் வித்தியாசம் வந்தது. மொழிப்பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் கூடியது! அதனால் திருத்தும் முன்பு எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளின் பெயர்ப் பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்துங்கள். நான் இன்றைக்கும் மடிக்கிறேன். பெயரைப் பார்த்தால் என் கை மாறுகிறது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. இதை நீங்கள் நாளைக்கே பார்க்கலாம். விடைத்தாளைக் கொடுத்தவுடன் பிள்ளை முதலில் எண்ணைப் பார்க்கும், இரண்டாவதாகப் பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கும், மூன்றாவதாகத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கும். ராத்திரி உட்கார்ந்து நாம் சிவப்பு மையில் எழுதியதை யார் படித்தார்கள்?

நான் செய்வது இது. வாரத் தேர்வில் ஒரே ஒரு குறிப்பு எழுதுவேன், அதுவும் செய்யக்கூடியதாக. ‘கவனம் தேவை’ என்று எழுத மாட்டேன். அதை வைத்து அவன் என்ன செய்வான்? ‘3ஆவது கணக்கில் பகுதி எண்களை ஒன்றாக்கிவிட்டு மறுபடி போடு’ என்று எழுதுவேன். மதிப்பெண்ணை என் பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொள்வேன். தாளைக் கொடுத்ததும் வகுப்பிலேயே 15 நிமிடம், எல்லோரும் அந்தக் குறிப்பின்படி திருத்த வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் எண்.

இன்னொரு வழக்கம், பாட வேளை முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது அரைத் தாள். ஒரே கணக்கு. போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மதிப்பெண் கிடையாது. அதை மூன்று அடுக்காகப் பிரிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது: புரிந்தது, பாதி, இன்னும் இல்லை. நாளைய பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று அந்த அடுக்குகள் சொல்லிவிடும்.

தவறைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் மா, நம் தொழிலின் சாரமே அதில்தான் இருக்கிறது. 3/8 + 1/4 = 4/12 என்று ஐந்து பேர் எழுதியிருப்பார்கள். ஐந்துக்கும் ஒரே பெருக்கல் குறி போட்டுவிடலாம். கூப்பிட்டுக் கேட்டால் கதை வேறு வேறு. ஒருத்திக்குப் பின்னம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண், இரண்டும் தனித்தனி. அவளுக்கு முதலில் எண்கோடு வேண்டும். இன்னொருவனுக்கு விதி தெரியும், பின்னப் பெருக்கலோடு குழப்பிக்கொண்டான். அவனுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். மூன்றாமவன் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது கொஞ்ச நாள் பழகினால்தான் தெரியும். ஐந்து பேரிடமும் ‘4/12 என்றால் 1/3. 3/8ஐவிட அது பெரிதா, சிறிதா?’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டிய பிறகு எண் சிறுத்துப்போனது ஏன் என்று அவர்களே திகைப்பார்கள். அந்தத் திகைப்பு வந்த பிறகு சொல்லித்தருவது பசித்தவனுக்குச் சோறு போடுவது மாதிரி.

நேர்கோடு

கோணமானி சார், இரண்டு நாள் மதிப்பெண் சொல்லாமல் இருந்தால் பெற்றோர் கேட்பார்களே?

தொடுகை சொன்ன 4க்கும் 17க்கும் நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் அப்படி யாராவது இருந்திருப்பார்களா என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். எதை அளக்கிறோம் என்ற கேள்வி சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சிக்காகவாவது பொதுத்தேர்வு மாதிரித் தாளை அவர்கள் முழுசாகச் சந்திக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

கோணமானி

கேட்பார்கள். கேட்டவர்களிடம் நோட்டைத் திறந்து, திருத்துவதற்கு முன் ஒரு பக்கம், திருத்திய பின் ஒரு பக்கம் காட்டுவேன். எண்ணைவிட அது அவர்களுக்கு நன்றாகப் புரியும். மாதிரித் தாளை எல்லோரும் சந்திக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அடிக்கடி, சின்னச் சின்னதாக, மதிப்பெண் பயமில்லாமல். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு என்பது அளக்க மட்டும் இல்லை, கற்கவும் உதவுகிறது.

தொடுகை

நானும் உடன்படுகிறேன் ஐயா. தேர்வில் கூடுதல் நேரமோ, வாசிப்பவரோ தர விதிகள் இருக்கும் இடங்களில், அதற்கான சான்றும் விண்ணப்பமும் முன்கூட்டியே தயாராக வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் கிடைக்காமல் போகலாம். அந்த வசதியைப் பயன்படுத்தவும் பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும். அதனால் மாதிரித் தேர்விலேயே அதைக் கொடுத்துப் பழக்குங்கள்.

சுண்ணக்கட்டி (மூன்று வாரம் கழித்து)

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

5/8 கேள்வியைக் கொடுத்தேன். விமானக்காரன் 1/3 + 7/24 வரை வந்துவிட்டு, ‘பெரிய எண்ணில் இருந்து கழித்தாலும் வருமே மிஸ்’ என்று எதிர்ம எண்களுக்குத் தாவிவிட்டான். அன்று மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தான்.

குழு வேலை சரியாக வரவில்லை. நால்வர் குழுவில் ஒருவன் செய்கிறான், மூவர் பார்க்கிறார்கள். என் வழிகாட்டி ஆசிரியை ஒரு முறை சொன்னார்: 1971இல் எலியட் ஆரன்சன் தொடங்கிய முறையாம், பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது. மற்றவர் சொல்லாமல் யாராலும் முடிக்க முடியாது. இரண்டாவது முயற்சியில் அப்படிச் செய்தேன். வேறு மொழி பேசும் பெண்ணிடம் எண்கோட்டுத் துண்டு இருந்தது. தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் குழுவுக்கு விளக்கினாள். ‘பகுதி’, ‘தொகுதி’ இரண்டும் ஒரு தடவை மாறிப்போயின. குழுவில் ஒருத்தி மெதுவாகத் திருத்தினாள், இவள் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

கேள்வி கேட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று ஒரு தோழியை விட்டு அளக்கச் சொன்னேன். ஒரு விநாடி. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்களிடம் கண்டதும் அவ்வளவுதான் என்று படித்திருந்தேன். மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்பது அவர் கண்டது. நான் இப்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதல் இரண்டு நாள் அந்த அமைதி எனக்கே பயமாக இருந்தது. மூன்றாவது நாள், வகுப்பில் இதுவரை நான் குரலே கேட்டிராத ஒரு பையன் கை தூக்கினான்.

அழிக்கிற பெண் இன்னும் அழிக்கிறாள். வலப்பக்கத்தில் மட்டும். இடப்பக்கத்தில் நேற்று ஏழு கோடுகள் எண்ணினேன், ஓட்டை ஒன்றும் இல்லை.

‘எனக்கு வராது’ என்ற பையனிடம் ‘எந்த வரி வரைக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதல் வாரம் ‘எதுவும் இல்ல’ என்றான். அடுத்த வாரம் தோளைக் குலுக்கினான். நேற்று அரைத் தாளில் விடை எழுதவில்லை. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்: ‘2வது வரி வரைக்கும் தெரியும். 3வது வரியில 8 எங்க இருந்து வந்துச்சு?’

இந்தத் தாளை என்ன செய்வது? அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவா?

கடைசிவரிசை

எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லிப் பாராட்டிவிடாதீர்கள். அது ஒன்று மட்டும் வேண்டாம்.

கோணமானி

கடைசிவரிசை சொன்னது சரி. நாளைக்கு வகுப்பு தொடங்கும்போது அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதுங்கள், பெயர் இல்லாமல். ‘நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார், 8 எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டுவிட்டு ஐந்து வரை எண்ணுங்கள். இன்னும் பத்துப் பேருக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கும், அவன் காதிலும் அது விழட்டும். அன்றைய பாடம் முழுக்க அந்த மூன்றாவது வரியிலேயே போனாலும் பரவாயில்லை மா.

சுண்ணக்கட்டி

நாளைக்கு முதல் பாட வேளை அவர்கள் வகுப்புதான். எழுதிவிடுகிறேன்.